கல்ஃபுக்குப் போன கடைக்காரன்

மலையாளக் கரையில், வலியசாலைத் தெருவில் என்னோடு பாண்டி ஆடினவர்களே, ஐஸ் விற்கிற சைக்கிளின் பின்னால் ஓடினவர்களே, இப்போது முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். சின்னவர்களிடம் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் போனைப் பார்க்கிறார்கள். எங்கள் வீடு உங்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் எல்லோரும் சேர்ந்து ‘சுருதி சேராத ஆம்’ என்று பெயர் வைத்தீர்களே, அந்த வீடு.

போன மாதம், ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்கிற இடத்தில் இருக்கிற அக்கா பையனின் ஃபிளாட்டுக்குப் போயிருந்தேன். அக்காவும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தாள். பையன் என்று பழக்கத்தில் சொல்கிறேன். அவனுக்குத் தொப்பை விழுந்து, காதோரம் நரைத்து, பெண் பத்தாவது படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோசை தின்ற கையைக் கழுவிவிட்டு வந்து சோபாவில் சாய்ந்தவன், சோப்பு டப்பா அளவு ஸ்பீக்கர் ஒன்றில் ஒரு பாட்டைப் போட்டான். எங்கள் அப்பா தினமும் போட்ட அதே ஆர்கன் மெதுவாக எழுந்தது. எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது.

“இது டாட் மியூசிக்காக்கும், பாட்டி,” என்றாள் அவன் பெண். “வயித்தைத் தடவிண்டே கேக்கணும். இதுக்கு அதாக்கும் ரூல்.”

அவள் சொன்னதில் தப்பில்லை. நடுவயது அப்பாக்களுக்கென்றே செய்த பாட்டு அது. ராக் என்று பெயர். ஆனால் மேடையில் கிதாரைப் போட்டு உடைக்கிற ராக் இல்லை. ஒரு பாட்டு ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். முதலில் ஆர்கன், அப்புறம் கிதார், எங்கிருந்தோ ஒரு குழல், நடுவில் கொஞ்சம் கடலலை. பாடுகிறவன் நிதானமாக வருவான். வந்தும் மலை, மூடுபனி, தூரத்து விளக்கு என்று நாலு வரி சொல்லிவிட்டுப் போய்விடுவான். யாரையும் அவசரப்படுத்தாது, யாரோடும் சண்டைக்கு நிற்காது. ஆபீசில் பகலெல்லாம் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிற ஒரு மனுஷனுக்கு, யாரும் எதுவும் கேட்காத இடம் ஒன்று வேண்டியிருந்தது. அது அந்தப் பாட்டுக்குள் இருந்தது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்கும் அது சுருதி சேராத கச்சேரிதான்.

அப்பாவுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தது பம்பாய்ப் பெரியப்பா. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் பழைய ரெக்கார்டு ஒன்றிரண்டைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவார். அதில் அப்பாவின் உயிர் ஒரே ஒரு ரெக்கார்டில் இருந்தது. அதன் உறையில் பச்சை வயல், வயலுக்கு நடுவே தனியாக ஒரு கதவு, பாதி திறந்த கதவுக்குப் பின்னால் கடல். அப்பா அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருப்பார். “சுவரே இல்லையே, கதவைச் சுத்திண்டு போனா என்ன?” என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

மூன்றாம் வீட்டு மாமா தினமும் கோவிலுக்குப் போகிற வழியில் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். “என்ன ஓய், பாகவதர் இன்னும் வந்து சேரலையா?” என்பார். திரும்பி வரும்போது, “இப்பவும் சுருதிதான் சேக்கறாளா? நான் பிரசாதமே வாங்கிண்டு வந்துட்டேன்!” என்பார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டார். தெருவில் அந்தப் பாட்டைக் கேட்க அவருக்கு ஒரு துணை இல்லை. அம்மா கேட்காத மாதிரி இருப்பாள், ஆனால் அவளுடைய சமையல் அந்தப் பாட்டை வைத்துத்தான் நடந்தது. “குழல் வந்தாச்சோ? அப்போ சாதத்தை வடிச்சுடலாம்.”

அப்பாவுக்கு ஒரு சட்டம் உண்டு. ஊசியை வைத்துவிட்டால் அந்தப் பக்கம் முடியும்வரை எடுக்கக் கூடாது. தபால்காரர் வந்தாலும் சரி, பால் பொங்கினாலும் சரி. கரண்ட் போய்விட்டால், தட்டு முனகிக்கொண்டே நிற்கும்; அப்பாவும் பக்கத்தில் நிற்பார். கரண்ட் வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு தடவை நான் விழுந்து நெற்றியில் ரத்தத்தோடு வந்தபோது, ஒரு கையால் என் நெற்றியை அமுக்கிக்கொண்டு, பாட்டு முடிந்த பிறகுதான் மருந்து தேடினார். அம்மா அதை ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்டினாள்.

இனி அக்கா.

அக்கா பெண்கள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். கடைசி வருஷம் ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்தாள். சாலைக் கம்போளத்தில், அதாவது கடைத்தெருவில், ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, ட்ரான்ஸ்ஃபார்மர் ஒரு இடம், ட்ரான்சிஸ்டர் ஒரு இடம் என்று வாங்கிச் சேர்த்தாள். ஸ்டோர் ரூமில் புளிப்பானைக்குப் பக்கத்தில் பழைய மேஜை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஈயம் பற்றவைப்பாள். பற்றவைக்கும்போது எழுகிற புகையில் குங்கிலிய வாசனை இருக்கும். “வேளை கெட்ட வேளையில யாருடி சாம்பிராணி போடறது?” என்று அம்மா அடுக்களையிலிருந்து கத்துவாள். அக்கா பல்லுக்கு நடுவில் வயரைக் கடித்துக்கொண்டிருப்பாள், பதில் வராது. அப்போது அவள் முகத்தில் இருந்த அமைதியை நான் பிற்பாடு எங்கேயும் பார்த்ததில்லை.

ஆசாரி பலாப்பலகையில் ஒரு பெட்டி செய்து கொடுத்தார். முன்பக்கம் ஒரு பச்சை விளக்கு. முதல் நாள் அந்தப் பெட்டி வழியாக அப்பா பாட்டுக் கேட்டார். முடிந்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். “குழல்காரன் மூச்சு விடறது கேக்கறதேடி,” என்றார். அவ்வளவுதான். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

டிப்ளமா முடிந்ததும் பாலிடெக்னிக் டீச்சர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். லேபில் பாடம் செய்து காட்டுகிற வேலை ஒன்று காலியாகப் போகிறது, கல்யாணமானாலும் வரலாம், வெளியூர் போனால் அங்கேயுள்ள பாலிடெக்னிக்குக்குச் சொல்லி எழுதித் தருகிறேன் என்றார். அக்கா அன்று ராத்திரி சாப்பிடும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே திருநெல்வேலியிலிருந்து ஜாதகம் வந்து பொருந்திவிட்டது.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அக்கா அப்பாவிடம் போய் நின்றாள். நான் பக்கத்தில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் எனக்குத் தெரியும்.

“அப்பா, அவா வந்தா பாட்டுப் போடுவேளோல்லியோ? பெட்டி நான் பண்ணினதுன்னு சொல்லிடணும். எனக்கு வேறொண்ணும் வேண்டாம்.”

“அதென்னடி கண்டிஷன்?”

“மூஞ்சியைச் சுளிச்சாள்னா நமக்கு அப்பவே தெரிஞ்சுடும். சந்தோஷப்பட்டாள்னா வேலைக்குப் போறதைப் பத்தி நானே அப்புறம் பேசிக்கறேன். சொல்லுவேளா?”

“சொல்றேன், சொல்றேன். என் பொண்ணு பண்ணினதுன்னு சொல்ல எனக்கென்ன நாணக்கேடா?”

மறுநாள் வந்தார்கள். மாப்பிள்ளை, அதாவது அத்திம்பேர், அன்றைக்குச் சொஜ்ஜியைத் தவிர வேறு எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லவில்லை. நல்ல மனுஷர், இன்றைக்கும் அப்படித்தான். அவருடைய அம்மா பட்டுப்புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, “இதுக்கு முந்தி ஒரு ஜாதகம் நன்னாப் பொருந்தித்து. விசாரிச்சா, பொண்ணு ஸ்கூட்டர் ஓட்டறாளாம். ஆம்பளைத்தனம் எதுக்கு ஆத்துலேன்னு வேண்டாம்னுட்டோம்,” என்றாள். அம்மா சட்டென்று ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தினாள்.

அத்திம்பேரின் அப்பா, நாங்கள் பிற்பாடு சம்பந்தி மாமா என்று கூப்பிட்டவர், பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ரெக்கார்டு உறையில் அந்தக் கதவைப் பார்த்துவிட்டார்.

“ஸார்! இது எப்படி உங்களண்டை?”

நாலைந்து வருஷம் முன்னால் மாற்றலாகிப் பம்பாயில் லாட்ஜில் தங்கி வேலை பார்த்தபோது, பக்கத்து அறைக்காரர் இந்த ரெக்கார்டைப் போட்டுத் தினமும் கேட்டாராம். ஊருக்கு வந்தபிறகு தேடாத இடமில்லையாம். அப்பா ஊசியை வைத்தார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார்கள். குழல் வருகிற இடத்துக்கு ஒரு நொடி முன்னால் இரண்டு பேரின் வலது கை விரலும் ஒன்றாக மேலே போயிற்று. நான் சிரித்துவிட்டேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

சட்டம்தான் தெரியுமே, பாட்டு முடிந்தால்தான் மற்றதெல்லாம். அக்கா காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டே இருந்தாள். காப்பி ஆறிப்போயிற்று. பெண்ணைப் பாடச் சொல்லிக் கேட்பதாக இருந்தார்கள்; அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பாட்டு முடிந்ததும் சம்பந்தி மாமா பெட்டியைத் தடவிப் பார்த்தார். “சத்தம் எவ்வளவு சுத்தமா இருக்கு! பம்பாய்ல கூட நான் இப்படிக் கேட்டதில்லை. கம்பெனிப் பேர் ஒண்ணும் காணலியே? யார் பண்ணினது?”

அப்பா அக்காவைப் பார்த்தார். பட்டுப்புடவை மாமியைப் பார்த்தார். பிறகு, இத்தனை நேரம் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷரைப் பார்த்தார்.

“இங்கே சாலையில ஒரு கடை இருக்கு. அவன்கிட்டச் சொல்லிப் பண்ணினது,” என்றார்.

அக்கா காப்பியைக் கொடுத்தாள். நமஸ்காரம் பண்ணினாள். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர்கள் போனபிறகு, “ஏம்ப்பா?” என்று மட்டும் கேட்டாள். அப்பா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டே பேசினார். “அந்த மாமி ஸ்கூட்டர்னு ஆரம்பிச்சாளே, கேட்டியோல்லியோ? எடுத்த எடுப்பில எதுக்குன்னு விட்டேன். சாவகாசமாச் சொல்லிக்கலாம். மனுஷன் தங்கமாக்கும். குழல் வர்ற இடம் அவருக்குத் தெரிஞ்சிருக்கு, பாத்தியா!”

அந்தக் கடைசி வாக்கியம்தான் உண்மை. மற்றதெல்லாம் மேல்பூச்சு. அப்பாவுக்கு அத்தனை வருஷம் கழித்து ஒரு துணை கிடைத்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லி அதைக் கலைத்துக்கொள்ள மனசு வரவில்லை. பெண்ணுக்கு வரன் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு தனக்கு ஒரு சிநேகிதரைப் பார்த்துக்கொண்டார். அப்பா கெட்டவர் இல்லை, அதனால்தான் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

நிச்சயதார்த்தத்தில் சம்பந்தி மாமா கையைப் பிடித்துக்கொண்டார். “சீர் செனத்தி எதுவும் நான் கேக்கலை. அந்தக் கடையில சொல்லி எனக்கும் அதே மாதிரி ஒரு பெட்டி. காசு நான் குடுத்துடறேன்.” அப்பா, “காசா! என்ன சொல்றேள்!” என்றார். வீட்டுக்கு வந்து அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “கடைக்காரன் பேர் என்னன்னு கேட்டா என்ன சொல்லுவேள்?” என்றாள் அக்கா. “பேரெல்லாம் யாருடி கேக்கப் போறா?” என்றார் அப்பா.

அப்படியாக, கல்யாணப் புடவைக்கு அம்மா அலைந்துகொண்டிருந்த நாட்களில் கல்யாணப் பெண் ஸ்டோர் ரூமில் தன் மாமனாருக்கு ஆம்ப்ளிஃபயர் செய்துகொண்டிருந்தாள். விரல் நுனியில் ஈயம் சுட்ட தழும்பு தெரியக் கூடாது என்று அம்மா மருதாணியைக் கெட்டியாக அப்பினாள். இரண்டாவது பெட்டி முதல் பெட்டியைவிட நன்றாக அமைந்தது. “அங்கே போய் நானே ஒரு நாள் சொல்லிடுவேன்,” என்று என்னிடம் சொன்னாள். அந்த நம்பிக்கையில்தான் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாள் என்று நினைக்கிறேன்.

பெட்டி திருநெல்வேலிக்கு அவளோடு போயிற்று. அங்கே போட்டால் பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். பாட்டு நிற்கிற இடங்களில் இன்னும் பெரிதாகக் கேட்டதாம். சம்பந்தி மாமா முகம் வாடிப்போய், எங்கள் ஊருக்கு வந்த ஒருவர் கையில் பெட்டியைக் கொடுத்து அனுப்பினார். இங்கே எங்கள் வீட்டில் போட்டால் சுத்தமாகப் பாடியது, ஒரு குறையும் இல்லை. அப்பா இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, “கடைக்காரன் சரி பண்ணிக் குடுத்துட்டான்” என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். அங்கே போனதும் மறுபடி ‘ம்ம்ம்’.

அன்றிலிருந்து சம்பந்தி மாமா கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தார். காலைக் காப்பிக்கு ஒரு தடவை, சாயங்காலம் பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை. நல்லவேளையாகக் கெட்ட வார்த்தை பேசுகிறவர் இல்லை. “அரைவேக்காட்டுப் பய,” “கைராசி இல்லாதவன்,” “சம்பந்தி நல்லவரா இருக்கார்னு தலையில கட்டிட்டான்” என்ற அளவில்தான். அத்தனையையும் அக்கா அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதெல்லாம் தலைதீபாவளிக்கு அவள் வந்தபோது தெரிந்தது. அத்திம்பேரோடு சம்பந்தி மாமாவும் வந்திருந்தார். பெரியப்பா அனுப்பிய புது ரெக்கார்டைக் கேட்க ஆசை. எண்ணெய் தேய்த்துக் குளித்து, லேகியம் தின்று, அக்கா அடுக்களையில் தரையில் உட்கார்ந்து சொன்னாள்.

“பெட்டியில கோளாறு ஒண்ணுமில்லைம்மா. அந்த ஆத்துல எர்த் கிடையாது. ப்ளக் பாயிண்டுல மூணாவது ஓட்டை சும்மா பேருக்கு இருக்கு, உள்ளே வயரே இல்லை. ஒரே ஒரு வயர் இழுத்து மண்ணுல இறக்கினா போச்சு.”

“அப்போ சொல்லேண்டி!” என்றாள் அம்மா.

“உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாளே! நான் பண்ணினதுன்னு சொன்னா அப்பா பொய் சொன்னதா ஆயிடும். புக்காத்துல நின்னுண்டு என் வாயால அப்பாவைப் பொய்க்காரர்னு சொல்லட்டுமா? அப்பா சொல்லட்டும். இன்னிக்காவது சொல்லட்டும்.”

அம்மா அப்பாவைக் கொல்லைப்புறம் கூப்பிட்டு என்னமோ சொன்னாள். அப்பா தலையாட்டிக்கொண்டே வந்தார். கூடத்தில் சம்பந்தி மாமா எங்கள் பெட்டியின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

“உங்களுக்கு மட்டும் அமிர்தமாப் பாடறது, எனக்கு மட்டும் வண்டு இரையறது. வாங்கோ, அந்தக் கடைக்குப் போவோம். நானே அவனை நேர்ல கேக்கறேன்.”

“இன்னிக்கு தீபாவளி ஆச்சே...” என்றார் அப்பா.

“எங்க ஊர்ல ஆச்சுன்னா எல்லாம் பூட்டியிருக்கும். உங்க ஊர்லதான் இதைப் பெரிசா எடுத்துக்கறதில்லையே. வரச்சே பாத்தேன், கடையெல்லாம் திறந்துதான் இருக்கு.”

உண்மைதான். மலையாளத்துக்காரர்களுக்கு ஓணம்தான் பண்டிகை. அப்பா குடையை எடுத்தார். நானும் கூடவே கிளம்பினேன், யாரும் தடுக்கவில்லை. அக்கா வாசல்வரை வந்து அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள்.

ஐப்பசி மாதத்துத் துலாமழை பிசுபிசுவென்று பெய்துகொண்டிருந்தது. சாலைக் கம்போளம் முழுக்க மிளகாய், வெல்லம், நனைந்த சாக்கு வாசனை. அப்பா ஒரு சந்துக்குள் நுழைவார், பாதியில் திரும்புவார், “இதல்லே, அடுத்ததாக்கும்,” என்பார். பாத்திரக் கடை, பூட்டுக் கடை, கயிற்றுக் கடை எல்லாம் வந்தது. அக்கா ட்ரான்சிஸ்டர் வாங்கின கடைகூட வந்தது. அதன் முதலாளி, “சாரே, மோள் சுகமாயிருக்காளா? இப்ப சாமான் வாங்க வர்றதே இல்லையே!” என்று கத்தினார். சம்பந்தி மாமா அப்போது வேட்டியில் தெறித்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஓட்டமும் நடையுமாக எங்களை இழுத்துக்கொண்டு பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசலுக்கே வந்துவிட்டார்.

“சம்பந்தி, கடை எங்கே?”

“முதல்ல பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுடறேன்.”

அங்கே எல்லோரும் உடைப்பதுதான். தடை எதுவாக இருந்தாலும் அந்தக் கல்லில் ஒரு காயை எறிந்துவிட்டுப் போவார்கள். அப்பா வாங்கி, கண்ணை மூடி, வேண்டிக்கொண்டு, ஓங்கி எறிந்தார். காய் உடையாமல் துள்ளித் திரும்பி உருண்டு வந்தது. நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். சொல்லப் போகிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. மறுபடி எறிந்தார், சிதறியது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அப்பா திரும்பினார்.

“சம்பந்தி, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் சுத்திச் சுத்தி வந்தேன். அந்தக் கடை இப்ப இல்லை. அவன் கல்ஃபுக்குப் போயிட்டான்.”

அந்த நாட்களில் இந்த ஊரில் அதை யார் சந்தேகப்படுவார்கள்? வீட்டுக்கு ஒருத்தர் போய்க்கொண்டிருந்த காலம். சம்பந்தி மாமாவின் முகம் இளகிவிட்டது. “அடடா, போயிட்டானா! முதல்லயே சொல்லியிருக்கலாமே. பாவம், நான் வேற திட்டிண்டே இருந்தேன்,” என்றார். இரண்டு பேரும் ஒரே குடையில் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே திரும்பினார்கள். நான் பின்னால் நனைந்துகொண்டு வந்தேன். அப்பாவின் முகத்தில் வெட்கம் இல்லை. பாரம் இறங்கின நிம்மதிதான் இருந்தது. அதை நான் பார்த்திருக்க வேண்டாம்.

மத்தியானம் இலை போட்டாயிற்று. அக்கா பரிமாறினாள். சம்பந்தி மாமா பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னார். “உனக்கொரு விஷயம் தெரியுமா? அந்தப் பெட்டி பண்ணினவன் கல்ஃபுக்குப் போயிட்டானாம். என்ன இருந்தாலும் கெட்டிக்காரன், போன இடத்துல பிழைச்சுப்பான். திரும்பி வரச்சே பாத்துக்கலாம்.”

அக்காவின் கையில் நெய்க்கிண்ணம் இருந்தது. கரண்டி அப்படியே நின்றது. அப்பா இலையைப் பார்த்துச் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“இல்லை, மாமா,” என்றாள் அக்கா. “அவன் இனிமே வர மாட்டான்.”

நெய்யை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

அவ்வளவுதான் நடந்தது. அழுகை இல்லை, சண்டை இல்லை. பாலிடெக்னிக் டீச்சர் சொன்ன வேலைக்கு வேறு யாரோ வந்தார்கள். அக்கா அதற்கப்புறம் ஈயக்கம்பியைத் தொட்டதில்லை. குழந்தை, மாமியாரின் ஆஸ்துமா, வடாம், வத்தல் என்று நாள் ஓடியது. அந்த எர்த் வயரையும் அவள் சொல்லவில்லை. சம்பந்தி மாமா கடைசிவரை அந்த ‘ம்ம்ம்’மோடுதான் கேட்டார். நாளாக ஆக அது பாட்டிலேயே இருப்பதாக நினைக்க ஆரம்பித்துவிட்டார் என்று அத்திம்பேர் ஒரு தடவை சொன்னார்.

எங்கள் வீட்டுப் பெட்டி இரண்டு வருஷம் கழித்து ஒரு இடியில் வாய் மூடிக்கொண்டது. அப்பா அதை யாரிடமும் ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை. அக்கா லீவுக்கு வரும்போதெல்லாம் அதன் பச்சை விளக்கைத் துடைத்து வைப்பார், அவள் கண்ணில் படுகிற மாதிரி நகர்த்தி வைப்பார். வாய்விட்டுக் கேட்கவில்லை. அவளும் அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டை விற்றபோது பழைய பாத்திரங்களோடு போயிற்றா, வேறு யாராவது எடுத்தார்களா, தெரியவில்லை. அப்பா போய் வெகுகாலம் ஆயிற்று, சம்பந்தி மாமாவும் போய்விட்டார்.

கழக்கூட்டத்துக்கு வருகிறேன். சோப்பு டப்பாவில் ஆர்கன் முடிந்து கிதார் வந்தது. அக்கா ஜன்னலோரமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பையன் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னான்.

“என்னமோ குறையறது, சித்தி. ஆத்துல தாத்தா போடறச்சே இதுக்கு அடியில ஒரு ‘ம்ம்ம்’னு ஓடிண்டே இருக்கும். தம்புரா மாதிரி. இதுல அதை எடுத்துட்டான். எத்தனையோ வெர்ஷன் தேடிட்டேன், எதுலயும் இல்லை.”

“அது பாட்டுல இருந்ததில்லை,” என்றாள் அக்கா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அந்த ஆத்துல எர்த் வயர் கிடையாது. அந்த இரைச்சலாக்கும்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“அந்தப் பெட்டி நான் பண்ணினது.”

அவன் சிரித்தான். அவன் பெண்ணும் சிரித்தாள். “சும்மா இரும்மா. அதைப் பண்ணினவன் கல்ஃபுக்குப் போயிட்டான்னு தாத்தா எத்தனை தடவை சொல்லியிருக்கார்!” என்றான்.

அக்கா கீரைத் தட்டைக் கீழே வைத்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். குழல் வருகிற இடம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“போகலைடா,” என்றாள். “எங்கேயும் போகலை. உங்காத்து அடுக்களையிலதான் இத்தனை வருஷமும் நின்னுண்டிருந்தான்.”

அவன் அவளையே பார்த்தான். அப்புறம் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினான். எங்கள் குடும்பத்தில் அதை யாரும் நடுவில் நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.